ஜாங்கிரிக்கு ஏழு மணி மாத்திரை

எனக்குப் பூனை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு "ஐயோ, எவ்வளவு பாசம்" என்று யாரும் உருகிவிடக் கூடாது. எங்கள் தெருவில் நாயோ பூனையோ மருந்து சாப்பிட அடம்பிடித்தால் இப்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வாசலில் வந்து நின்று, "அக்கா, ஒரு நிமிசம் வந்து குடுத்துட்டுப் போயேன்" என்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கடி வாங்க என்னால் ஆகாது. அதனால் எழுதி வைக்கிறேன். வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

பூனையைக் கொண்டுவந்தவள் என் மகள் மோகனா. செம்பட்டை நிறம், உடம்பெல்லாம் வளைய வளையமாகக் கோடு. ஜாங்கிரி என்று பெயர் வைத்தாள். நான் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சனியனே என்பேன், அதற்கும் திரும்பிப் பார்க்கும். மோகனாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. போன தை மாதம், கூட வேலை செய்கிற பையனைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டு, மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றாள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எனக்குப் பொண்ணே இல்ல, போடி" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். போய்விட்டாள். அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறையில் பூனை வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் விடமாட்டாராம். அதனால் பூனை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அதற்கப்புறம் அவள் அப்பாவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். "ஜாங்கிரி எப்படிப்பா இருக்குது?" என்று கேட்பாள். சாப்பிட்டதா, தூங்கினதா, எலி பிடித்ததா என்று எல்லாம் கேட்பாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. நான் அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எட்டு மாதம் என் பெண்ணின் குரல் என் காதில் விழுந்தது அந்தப் பூனையால்தான். அது செத்துப்போனால் அந்தப் போனும் வராது. இது எனக்கு நன்றாகத் தெரியும், அதனாலேயே அதன்மேல் எனக்கு இன்னும் எரிச்சல்.

என் வேலை பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைப்பது. தறியில் ஒரு பாவு முடியும்போது, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாகச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டு முறுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் இழை. முப்பது வருடமாகச் செய்கிறேன். தொங்குகிற நூல் ஒன்றைப் பார்த்தால் என் கை என்னைக் கேட்காது. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவளின் ஜாக்கெட்டில் நூல் தொங்கினாலும் இழுத்துவிடுவேன், திட்டும் வாங்குவேன்.

புரட்டாசி பிறந்த வாரம் ஒரு நாள் காலையில், பூனை தறிக்கு அடியில் எச்சில் ஒழுகக் குந்திக்கொண்டிருந்தது. வாய் ஓரத்தில் அரக்கு நிறப் பட்டு நூல் ஒரு விரற்கடை தொங்கியது. முந்தின நாள் நான் பிணைத்த பாவின் கழிவு நூல் அது. கழிவை டப்பாவில் போட்டு மூடுவேன். அன்றைக்கு மூடவில்லை. இந்த வேலையில் இருக்கிற யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்களோ அதைத்தான் நானும் செய்தேன். நுனியைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வழுக்கிக்கொண்டு வந்தது. அப்புறம் சிக்கியது. சிக்கின நூலை விட்டுவிட்டுப் போகிறவள் நான் இல்லை, இன்னும் ஒரு தடவை இழுத்தேன். அது போட்ட கத்தலில் என் கணவர் ஏகாம்பரம் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நூல் அறுந்து பாதி என் கையில் இருந்தது.

அன்று முழுக்க வாந்தி. மறுநாள் தண்ணீர் கூட இறங்கவில்லை. இரண்டு காய்கறிக் கூடைகளை வாய்க்கு வாய் வைத்துக் கட்டி, நடுவில் பூனையை அடைத்து, ஆட்டோவில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோனோம்.

ரயில்வே ஸ்டேஷன் போகும் சாலையில் இருக்கிற தனியார் கிளினிக் அது. காத்திருக்கும் இடத்தில் ஐந்தாறு நாற்காலி. ஆட்களுக்கு இடம் இல்லை, ஏனென்றால் இரண்டில் நாய்கள் உட்கார்ந்திருந்தன. ஒரு பெரிய வீட்டு அம்மாள், மடியில் வைத்திருந்த வெள்ளை நாய்க்குச் சீப்பால் தலை வாரிக்கொண்டே என்னைப் பார்த்து, "உங்களது என்ன ப்ரீடுங்க?" என்றார். "தெரு" என்றேன். அப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பூனையின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அடி நாக்கில் நூல் சுற்றி இறுகி, தசையை அறுத்துக்கொண்டிருந்தது. மீதி நூல் குடலுக்குள். எக்ஸ்ரே எடுத்துவிட்டு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். குடல், உள்ளே வந்ததைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்குமாம். நூலின் ஒரு நுனி நாக்கில் மாட்டிக்கொண்டதால் அது நகராது. அப்போது குடல் அந்த நூலின் மேலேயே சுருங்கிக்கொள்ளும், நாடாவை இழுத்தால் பாவாடை இடுப்பில் சுருக்கம் விழுமே, அப்படி. அப்படியே விட்டால் நூல் குடலை அறுத்துவிடும். வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

"யாராச்சும் நூலை இழுத்தீங்களா?" என்று கேட்டார். "இழுத்தா ரொம்ப டேஞ்சர்மா. அதான் கேக்கிறேன்."

"இல்ல டாக்டர்" என்றேன்.

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த நாய்த் தடுப்பூசிப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். வீடு வந்து சேரும்வரை அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. முப்பது வருடத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது ஒன்று.

ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் அங்கேயே கூண்டில் வைத்திருந்தார்கள். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். முன்னங்காலில் ட்ரிப்ஸ் குழாய், வயிற்றில் முடி வழித்து நீளமாகத் தையல். என்னைப் பார்த்ததும் சீறியது. நன்றி கெட்டதுக்கு உடம்பு தேறுகிறது என்று அதில்தான் தெரிந்துகொண்டோம். செலவைப் பற்றி எழுதப் போவதில்லை, எழுதினால் மறுபடியும் வயிறு எரியும்.

உண்மையான ஆஸ்பத்திரி நாட்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தன. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் புனல் மாட்டி அனுப்பினார்கள். அரை மாத்திரை, காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும், பத்து நாள். கிருமியை அடக்குகிற மாத்திரை. "ஒரு வேளை கூட விடக் கூடாதும்மா" என்றார் டாக்டர். "உள்ள போட்ட தையல் சீழ் புடிச்சி விட்டுப்போச்சின்னா, குடல்ல இருக்கிறது வயித்துக்குள்ள கசியும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

முதல் நாள் என் கணவர் பிடித்துக்கொண்டார், நான் வாயைத் திறந்தேன். மாத்திரை நாக்கின் நடுவில் விழுந்தது. அங்கே விழுந்தால் கசக்கும், இது எனக்கு அப்போது தெரியாது. பூனையின் வாயிலிருந்து சோப்பு நுரை மாதிரி நுரை பொங்கியது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் கையை விட்டார். பூனை புனலோடு பாய்ந்து, தறியில் ஏறி, பாதி நெய்த புடவையின் மேல் நுரை வழிய நின்றது.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? புடிங்க!" என்று கத்தினேன்.

"நகத்தைப் பாத்தியா நீ? நீயே புடி" என்றார். அவர் முழங்கையில் ரத்தம்.

அந்தச் சமயத்தில்தான் போன் வந்தது. மோகனா. ஆபரேஷன் நடந்தது அவளுக்குத் தெரியும், தினமும் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது வீடியோவில் கூப்பிட்டாள். "யாருப்பா மாத்திரை குடுக்கிறது?"

"அம்மாதான்."

"போனை அந்தப் பக்கம் திருப்புப்பா" என்றாள்.

எட்டு மாதத்துக்குப் பிறகு என் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். கம்பெனி யூனிபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அப்படிக் கழுத்தைப் புடிக்காதம்மா, மூச்சு முட்டும்" என்பது. என் முதல் வார்த்தை, "அவ்ளோ தெரிஞ்சா நீ வந்து குடுடி" என்பது.

வரவில்லை. ஆனால் மறுநாள் சாயந்திரம் ஏழு மணிக்குச் சரியாகப் போன் அடித்தது. காலை வேளையில் ஷிப்ட், சாயந்திரம்தான் முடியுமாம். டாக்டர் எழுதின மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வைத்துக்கொண்டு, இன்றைக்கு இத்தனையாவது நாள் என்று அவளே சொல்லுவாள். அவர் போனைப் பிடித்துக்கொள்வார். நான் பழைய துண்டில் பூனையை நான்கு காலும் உள்ளே போகும்படி சுற்றி, புனலைக் கழற்றி, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வேன். தலையை மேலே தூக்கினால் கீழ்த்தாடை தானாகக் கொஞ்சம் திறக்கும். மாத்திரையை நாக்கின் கோடிக்குத் தள்ள வேண்டும், நடுவில் வைத்தால் நுரை வரும். வாயை மூடித் தொண்டையைத் தடவ வேண்டும். உடனே ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை தொண்டைக்குழியில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. செய்யும்போது அது என் விரலைக் கடிக்கும், நான் அதைத் திட்டுவேன், மோகனா என்னைத் திட்டுவாள், நான் மோகனாவைத் திட்டுவேன். போனை நடுங்காமல் பிடிக்கவில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டுவோம்.

மென்மையான உணவு கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாள், மோகனா மீனுக்குள் மாத்திரையை ஒளித்து வைக்கச் சொன்னாள். "புரட்டாசிடி" என்றேன். இந்த மாதம் எங்கள் வீட்டில் மீன் என்ற பேச்சே எடுப்பதில்லை. "பெருமாளு பூனைக்கா விரதம் வச்சாரு?" என்றாள். அவர் யாருக்கும் தெரியாமல் இரண்டு மீன் வாங்கி வந்தார். தோட்டத்துப் பக்கம் மூன்று கல் வைத்துத் தனிப் பாத்திரத்தில் அவித்தேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே மூக்கை நீட்டி, "இன்னா வாசனை அக்கா?" என்றாள். "செத்த எலி" என்றேன். அவ்வளவு பொய்யும் பாவமும் பண்ணி வைத்த மீனை, பூனை ஒரு துணுக்கு விடாமல் தின்றது. தட்டின் நடுவில் அரை மாத்திரை மட்டும் நக்கிச் சுத்தமாக இருந்தது.

ஆறாம் நாள் போன் எடுத்ததுமே அவள் முகம் சரியாக இல்லை. டாக்டரிடம் பேசியிருக்கிறாள். "நாக்குல நூலு அந்த அளவுக்கு இறுகினா யாரோ இழுத்திருக்கணும்னு சொல்றாங்க. அப்பா, நீயா இழுத்த?"

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமாம்மா. நான்தான். தெரியாம இழுத்துட்டேன்" என்றார்.

"அறிவிருக்குதாப்பா உனக்கு? அது செத்திருக்கும்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு எறும்பைக்கூட நசுக்கியதில்லை. எனக்குத் தாங்கவில்லை. அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். "அவரை இன்னாடி கேக்கிற? நான்தான் இழுத்தேன். கழிவு டப்பாவை மூடாம விட்டதும் நான்தான், இழுத்ததும் நான்தான், டாக்டர் கேட்டப்போ இல்லன்னு பொய் சொன்னதும் நான்தான். இப்போ இன்னா பண்ணப் போற?"

அவள் கண் நிறைந்தது. "உனக்குப் புடிக்காதது எதையுமே நீ உயிரோட விடமாட்டியாம்மா?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. வேண்டுமென்று இழுக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. ஆத்திரத்தில் பூனையைப் பார்த்து, "எல்லாம் உன்னாலதான்" என்றேன். அது புனலுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

ஏழாம் நாள் மாலை ஏழு மணி. போன் அடிக்கவில்லை. ஏழேகால் ஆயிற்று. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினார். "கூப்பிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மாத்திரை நேரம் மாத்திரை நேரம்தான். துண்டை எடுத்தேன். "நீ குடு, நான் வீடியோ எடுத்து அனுப்பறேன்" என்றார். கொடுத்தேன். நானே அசந்துபோகும்படி சத்தமே இல்லாமல் விழுங்கியது. அனுப்பினார். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். வணக்கமும் இல்லை, அம்மா என்று கூப்பிடவும் இல்லை. "மாத்திரை உள்ள போகல" என்றாள்.

"போச்சு. பாத்தியே?"

"முழுங்கினா மூக்கை நக்கும். வீடியோல நக்கவே இல்ல. எங்கியோ துப்பியிருக்கும், தேடு."

நானும் அவரும் தறிக்கு அடியிலும் பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து தேடினோம். கடைசியில் அது புனலின் உள் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, புனல் மாட்டினதும் துப்பியிருக்கிறது. அதையே வழித்தெடுத்து மறுபடியும் கொடுத்தேன். மோகனா பார்த்துக்கொண்டே இருந்தாள். பூனை மூக்கை நக்கியது.

"ம்" என்றாள். பிறகு, "உன் கையில இன்னாம்மா அது?" என்றாள்.

கட்டை விரலில் இருந்து மணிக்கட்டு வரை கீறல், கடித்த இடத்தில் வீக்கம். "ஒண்ணுமில்ல."

"ஊசி போட்டுக்கினியா?"

"உனக்கு இன்னா அதைப் பத்தி?"

"நாளைக்குக் காலையில கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயி போட்டுக்க. அப்பா, இட்டுக்கினு போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நாய்க்கடி ஊசி போடும் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் எந்த நாய் என்று கேட்டார். பூனை என்றேன். சிரித்தார். அவர் சிரித்ததற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. உங்களைப் பூனை கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நீங்களும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் சண்டை இல்லாமல் போயின என்று சொல்ல மாட்டேன். துண்டைச் சுற்றுவது எப்படி என்பதிலிருந்து அவள் தினமும் கேன்டீனில் சாப்பிடுவது வரைக்கும் சண்டை போட்டோம். மாத்திரை இறங்கிய பிறகும் சண்டை முடியாததால் போன் அரை மணி நேரம் ஓடியது. ஒன்பதாம் நாள் அவள் பின்னால் அந்தப் பையன் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒழுங்காகத்தான் கழுவினான்.

பத்தாம் நாள் கடைசி அரை மாத்திரை. "இன்னையோட முடிஞ்சிது" என்று மோகனாவே சொன்னாள். நான் துண்டை மடித்து வைத்தேன். "சரி, வைக்கிறேன்" என்றாள். மறுநாள் காலையில் டாக்டர் வெளித்தையலைப் பிரித்தார், புனலைக் கழற்றினார். நன்றாக ஆறிவிட்டது, இனி ஒரு மருந்தும் வேண்டாம் என்று மோகனாவுக்கும் போனில் சொல்லிவிட்டார். பூனை வீட்டுக்கு வந்ததும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, என் பாவுச் சாம்பல் கிண்ணத்தைத் தட்டிக் கவிழ்த்தது.

அன்று சாயந்திரம் ஆறரையிலிருந்தே நான் அடுப்படியில் நிற்கவில்லை, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்குப் போன் அடித்தது. அவர் என்னிடம் நீட்டினார்.

"மாத்திரை குடுத்துட்டியாம்மா?" என்றாள் மோகனா.

அட்டை காலியாகக் குப்பையில் கிடந்தது. சீட்டின் போட்டோ அவளிடம், நாள் எண்ணியவளும் அவள்தான்.

"இன்னும் இல்ல" என்றேன். "இரு, புடிக்கிறேன்."

துண்டை எடுத்து வந்து, தூங்கிக்கொண்டிருந்த பூனையைச் சுற்றி முழங்காலில் இடுக்கிக்கொண்டேன். அவர் போனை நடுங்காமல் பிடித்தார். தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, வெறும் விரலை நாக்கின் கோடிவரைக்கும் விட்டேன்.

"இன்னும் உள்ள தள்ளும்மா" என்றாள் மோகனா. "மெதுவா. அவசரமே இல்ல."

சனியன் பலமாகக் கடித்தது.